ஜுலைகா மச்சியின் பாலைவன ரோஜா

எங்கள் பேக்கரிக்கு வருகிறவர்கள் வர்க்கி வாங்கத்தான் வருகிறார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அருவங்காட்டிலிருந்து ஜெகதளா ஏறும் ரோட்டில், ஒரு வளைவு தாண்டியதும் புகை வருகிற கட்டடம் எங்களுடையது. இன்னும் விறகு அடுப்புதான். கல்லாவில் உட்கார்ந்திருப்பது நான், சபீஹா. போன வருஷத்திலிருந்து வாசலில் கார் நிறுத்துகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ஏனுங்க, செடிக்கார அம்மா ஊடு இதுதானுங்களா?" என்கிறார்கள். வந்ததே வந்தீர்கள், கால் கிலோ வர்க்கி வாங்கினால் குறைந்தா போய்விடுவீர்கள்? நான் கையை மட்டும் மேலே காட்டுவேன். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

செடிக்கார அம்மா என்பது ஜுலைகா, என் அண்ணன் சுபுஹானின் மனைவி. அண்ணன் மனைவியை எங்கள் வீடுகளில் மச்சி என்று கூப்பிடுவோம். அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், நான் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன், மச்சி அடீனியத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பாலைவன ரோஜா என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அடித்தண்டு பானை மாதிரி உப்பி, மேலே நாலு கொம்பு நீட்டி, கொம்பு நுனியில் பூக்கிற செடி. கோயமுத்தூரில் மொட்டை மாடியில் வைத்துவிட்டு மறந்துபோனால் போதும், அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டே இருக்கும். அதைப்போய் இந்த ஊரில் வளர்க்கிறாள். துவைத்த துணி நாள் கணக்கில் காயாத மலையூர் இது. தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் தலைக்குத் தேய்க்கலாம். இங்கே பாலைவனத்துச் செடி! நல்லா இருக்கே கதை என்று எல்லோரையும் போல நானும் சிரித்தேன்.

மச்சி பிறந்து வளர்ந்தது மேட்டுப்பாளையம். அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனவள், திரும்பும்போது நர்சரியில் ஒரு அடீனியத்தை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மலையேறும் வழியில் பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள். மங்குஸ்தான் விற்கிற அம்மா ஒருத்தி ஜன்னல் வழியாகச் செடியைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இதெல்லாம் இங்க வரைக்குந்தான் தாங்கும். மேல கொண்டு போனா செத்துப் போயிருமுங்க" என்றாள். மச்சி தலையை ஆட்டிவிட்டுச் செடியை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

அந்தம்மா சொன்னதுதான் நடந்தது. அடுத்த மழையில் அடித்தண்டு அழுகிவிட்டது. விரலால் தொட்டால் கனிந்துபோன பழத்தைத் தொட்டது போல உள்ளே போனது. மச்சி மூக்கைச் சிந்திக்கொண்டே அதைக் கொண்டுபோய்க் கொட்டினாள். தொலைந்தது சனியன் என்று நான் நிம்மதியாக இருந்தேன். மறுபடி மேட்டுப்பாளையம் போனவள் மூன்று தொட்டிகளோடு வந்து இறங்கினாள்.

அந்த மூன்றையும் எங்கே வைப்பது என்று வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பேக்கரி அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற அறையைப் பிடித்தாள். அடுப்பின் புகைபோக்கி அந்த அறையின் சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. மழையோ பனியோ, உள்ளே போனால் கதகதவென்று இருக்கும். அங்கே மைதா மூட்டை அடுக்கி வைத்திருந்தோம். ஒருநாள் பார்த்தால் மூட்டையெல்லாம் படிக்கட்டில் இறங்கி வந்திருக்கிறது, மேலே தொட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. கூரையில் ஒரு பக்கத் தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஷீட் வேறு போட்டாயிற்று. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று நான் குதித்தேன். அண்ணன் மாவு பிசைந்தபடி, "வுடு சபீ, மூட்டைக்கு எங்க வேணா இடம் கெடைக்கும்" என்றார். அவர் எப்போதும் அவள் பக்கம்தான்.

நானும் ஒரு சட்டம் போட்டேன். அந்தச் செடியின் பால் விஷம். அதனால் படியிறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மாவுத் தொட்டி பக்கம் வரவே கூடாது. மச்சி இந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. மாவுப் பக்கம் வர வேண்டாம் என்றதில் அவளுக்குச் சந்தோஷம்தான் என்று பிறகு புரிந்தது.

வளர்த்ததோடு விட்டாளா? செடிக்குச் செடி சம்பந்தம் பேச ஆரம்பித்தாள். பூவின் கழுத்தை பிளேடால் மெல்லக் கீறி, ஒன்றின் மகரந்தத்தை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு எடுத்து, இன்னொன்றின் உள்ளே வைப்பாள். அப்போது யாரும் பேசக் கூடாது, மூச்சுக்கூடப் பலமாக விடக் கூடாது. கூடிவந்தால் இரண்டு காய் ஆட்டுக் கொம்பு மாதிரி எதிரெதிராக நீளும். பூண்டு வரும் வலைப்பையை வெட்டி அந்தக் கொம்புக்குச் சட்டை போட்டுக் கட்டிவிடுவாள். விதைக்கு இரண்டு முனையிலும் பஞ்சு இருப்பதால், காய் வெடித்தால் எல்லாம் பறந்துவிடும். ஒருமுறை கட்ட மறந்துவிட்டாள். விதைகள் படிக்கட்டு வழியாக மிதந்து வந்து, அப்போதுதான் வெளியே எடுத்த வர்க்கித் தட்டின் மேல் இறங்கின. விஷச் செடியின் விதை! தட்டோடு கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். பின்னாலேயே ஓடிவந்து, "அய்யோ, எவ்வளவு அருமையான ஜோடி தெரியுமா சபீ!" என்று குப்பையைக் கிளறினாள். வர்க்கி போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளுடைய வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அடீனியம்காரர்கள். பெரும்பாலும் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள். அவர்கள் அடுக்குப் பூவுக்கும் கறுஞ்சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அலைவார்கள். மச்சி நிறத்தையே பார்க்கவில்லை. மார்கழி வந்தால் அறைக்குள் இருந்தாலும் செடிகள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், சிலது அழுகும். அதில் எது கடைசிவரை இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பாள். அப்படித் தாக்குப் பிடித்தவற்றில் இரண்டை ஜோடி சேர்த்து வைப்பாள். பிறந்த குஞ்சுகளுக்கு அடுத்த குளிரில் அதே பரீட்சை. இந்த மலைக் குளிரில் வெட்டவெளியில் நிற்கிற ஒரே ஒரு அடீனியம் வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காக வருஷக்கணக்கில் படியேறி இறங்கினாள்.

போன தை மாதம் அப்படி ஒன்று வந்தது. சுற்றி எல்லாம் மொட்டையாக நிற்க, உடைந்த ஜன்னலோரம் குளிர்காற்று படுகிற இடத்தில் இருந்த ஒரு குட்டிச் செடி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. ஒற்றைத் தண்டு, நுனியில் மொட்டு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ராக்கம்மா பன் வாங்க வந்தவளை மச்சி கையைப் பிடித்து மேலே இழுத்துப்போய்க் காட்டினாள். "அட, இது நம்ம கொழுந்தாட்டமே நிக்குதுங்களே!" என்று ராக்கம்மா கன்னத்தில் கை வைத்தாள். தேயிலையோடு பழகிய ஆள் சொல்லிவிட்டாள், அது போதாதா? மச்சி உடனே போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டாள்.

பதில் சிங்காநல்லூர் தங்கையாவிடமிருந்து வந்தது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் குழுவில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. "அம்மிணி, அடுப்பு மேல வச்சா எதுவும் பூக்குமுங்க. வெளிய வச்சுப் பூத்தா அப்பச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரே இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மச்சி கோபப்படவில்லை. சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவரு சொல்றது நெசந்தான சபீ?" என்றாள்.

அந்தச் செடியை அறைக்கு வெளியே மொட்டை மாடியில் வைக்கப் போவதாகச் சொன்னாள். உறைபனி விழுகிற வாரம் அது. காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினது போல வெளுத்துக் கிடந்தது.

"உங்களுக்கு என்ன கிறுக்கா மச்சி? இருக்கறதே ஒண்ணு. ஒரு துண்டு வெட்டி வேற செடியில ஒட்டி வச்சுட்டாவது வெளிய வைங்க."

"இந்தக் குளுருல வெட்டுனா காயம் ஆறாது சபீ. வெட்டுப்பட்ட எடத்துலயே அழுகீரும்."

அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "செத்துப் போச்சுன்னா?" என்றார்.

"செத்துப் போச்சுன்னா அது நான் தேடுன செடி இல்லீங்க. இன்னொருக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், வேறென்ன."

முதலிலிருந்து என்றால் எத்தனை வருஷம் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அண்ணன் கீழே அடுப்படிக்குப் போய்விட்டார்.

செடியை மாடியில் வைத்த மறுநாள், காலைத் தொழுகை முடித்து, நன்றாக விடிந்த பிறகு மச்சி மாடிக்குப் போனாள். நான் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்ற ஜீப்பின் கண்ணாடி முழுக்கப் பனி. செத்திருக்கும், அழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "சபீ! நிக்குதுடீ!" என்று மேலிருந்து கத்தல். மறுநாளும் நின்றது. அதற்கு அடுத்த நாளும் நின்றது. அந்த வாரக் கடைசியில் மொட்டு விரிந்தது. வெளிறின ரோஸ் நிறம். எந்த நர்சரியிலும் கேட்பாரற்றுக் கிடக்கிற பூ.

"இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்றேன்.

"மாஷா அல்லாஹ்னு சொல்லுடீ மொதல்ல!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் கேட்காமலே அலமாரியைத் திறந்து கிரீம் பன் எடுத்துக் கொடுத்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கிரீம் பன் போனதற்காக என்று அவளிடம் சொல்லிச் சமாளித்தேன்.

குழுவில் ஒரே அமர்க்களம். நேரில் பார்க்க வருகிறேன் என்று தங்கையா எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அவரும் அன்னூர் வேலாமணி என்கிற அம்மாவும் வந்து இறங்கினார்கள். குரங்குக் குல்லாய், மப்ளர், கையுறை, ஏதோ இமயமலை ஏறப் போகிறவர்கள் மாதிரி. தங்கையா செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடித்தண்டை அமுக்கினார், மண்ணைக் கிளறி முகர்ந்தார், மாடியை நாலு பக்கமும் பார்த்தார்.

"காத்துக்கு மறைவா ஒரு செவுரு கூட இல்லீங்களே வேலாமணி!"

"அதைத்தான் நானும் பாக்கறனுங்க" என்றாள் அந்தம்மா.

தங்கையா மச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மிணி, நான் அவசரப்பட்டு எழுதிட்டனுங்க. மனசுல வச்சுக்காதீங்க. வெயில் வந்ததும் இதுல ஒரு ஒட்டு எனக்குக் குடுங்க. குளுருக்குன்னே ஒரு வம்சத்த உண்டு பண்ணிப்புடலாம்."

அந்த நேரம் பார்த்து அண்ணன் சுடச்சுட வர்க்கித் தட்டோடு மாடிக்கு வந்தார். மனைவியைப் புகழ்ந்ததைக் கேட்டு முகமெல்லாம் பல்.

"பின்ன என்னங்க! தெனம் விடியறதுக்கு முந்தி அடுப்புல இருந்து ஒரு சட்டி தணல் வாரிக் கொண்டாந்து இதும் பக்கத்துல வச்சர்றது. மேல மைதாச் சாக்கப் போட்டு மூடி வுட்டர்றது. இவ தொழுதுட்டு மேல வர்றதுக்குள்ள எடுத்தர்றது. சும்மா இல்லீங்க, நம்ம ஊட்டுப் புள்ளையாட்டம் பாத்துக்கிட்டேன்!"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் காலை மிதித்தேன்.

"என்ன சபீ, கண்ணுல தூசியா?" என்றார்.

குளிர்காலத்தில் எங்கள் பேக்கரியில் மாவு பொங்காது. தொட்டிக்குப் பக்கத்தில் தணல் சட்டி வைத்து, சாக்கைப் போட்டு மூடுவோம். எங்கள் அத்தா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அண்ணனுக்குத் தெரிந்த அக்கறை அது. மாவுக்குச் செய்ததைச் செடிக்கும் செய்திருக்கிறார். அதில் என்ன தப்பு என்று அந்த மனுஷனுக்கு அந்த நிமிஷம்வரை தெரியவே இல்லை.

தங்கையா கையில் எடுத்த வர்க்கியைத் தட்டில் திருப்பி வைத்தார். நல்ல மனுஷர், குத்திப் பேசவில்லை. "பூத்தது பூத்ததுதானுங்க, பரவால்லீங்க" என்று இழுத்தார். ஒட்டுப் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மச்சி செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனதும் மச்சி அண்ணனிடம் கேட்டாள்.

"ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"செடி செத்தா நீ ஒடஞ்சு போயிருவேன்னுதான் புள்ள. பொறுக்க மாட்டாமத்தான் செஞ்சேன்."

"ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போறேன். அது தாங்கும்னு நான் நம்புனனுங்க. இப்பத் தாங்குமா தாங்காதான்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டீங்களே! நீங்க அதையும் நம்பல, என்னையும் நம்பல."

அண்ணன் சாக்கை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். யார் பக்கம் பேசுவது என்று எனக்குப் புரியவில்லை. அவர் மேல் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. மச்சி போனை எடுத்துக் குழுவுக்குப் பேசிப் பதிவு செய்தாள். பூத்தது தணல் சூட்டில்தான், தனக்குத் தெரியாமல் நடந்தது, ஆனாலும் தான் சொன்னது பொய்யாகிவிட்டது, எல்லோரும் மன்னிக்க வேண்டும். எதற்கு இது, அந்த இரண்டு பேருக்குத்தானே தெரியும் என்று நான் தடுத்தேன். "எனக்குத் தெரியுமல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதோடு முடிந்தது, செடியை உள்ளே எடுத்து வைப்பாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி உறைபனி விழும் என்று செய்தி வந்தது. மச்சி பூவோடு இருந்த அந்தச் செடியை மாடி நடுவில் வைத்தாள். மாடிக் கதவைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

காலையில் நான் கடை திறக்க வந்தபோது ரோடே வெளுத்துக் கிடந்தது. அண்ணன் மாடிப்படியின் கீழே வெறுங்கையோடு நின்றார். "மேல போயிட்டா. கதவ உள்பக்கமாப் பூட்டிக்கிட்டா. கூப்புட்டாலும் சத்தமே இல்ல" என்றார். இரண்டு பேரும் படியேறிக் கதவைத் தட்டினோம். வெயில் மாடியில் விழுந்த பிறகுதான் திறந்தாள்.

பூ கறுத்து, வெந்த கீரை மாதிரி தொங்கியது. இலைகள் நுனி கருகிச் சுருண்டிருந்தன. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மச்சி அவர் கையை இழுத்து அடித்தண்டின் மேல் வைத்தாள்.

"அமுக்கிப் பாருங்க."

"கெட்டியாத்தான் இருக்கு" என்றார் அண்ணன், பயந்து பயந்து.

ஆனால் அழுகல் உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் காட்டும். அதுவரை எங்கள் வீட்டில் செடியை அமுக்கிப் பார்ப்பதுதான் வேலை. காலையில் மச்சி, மத்தியானம் அண்ணன், சாயங்காலம் யாரும் பார்க்காத நேரம் பார்த்து நான். இலை ஒவ்வொன்றாக விழுந்து முழு மொட்டையாகிவிட்டது. அப்போதும் மச்சி அதை வெட்டவெளியை விட்டு நகர்த்தவில்லை. ஒரு சட்டித் தணல் கூடப் பக்கத்தில் போகவில்லை. பிறகு ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக என்னைக் கூப்பிட்டாள். தண்டு நுனியில் கடுகளவு பச்சை. மறுபடி பார்த்தேன், பச்சைதான். யா அல்லாஹ் என்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் கை ஐஸாக இருந்தது, ஆனால் அழுகை சிரிப்பு எல்லாம் சேர்ந்து முகம் மட்டும் சிவந்து கிடந்தது.

அங்கேயே உட்கார்ந்து குழுவுக்குப் பேசினாள். "பூ போச்சுங்க. எலையும் போச்சுங்க. செடி நிக்குதுங்க, அடுப்பு இல்லாம." தங்கையா உடனே பதில் அனுப்பினார்: "ஒட்டுக்கு மொதல் ஆளா எம்பேர எழுதிக்கங்க அம்மிணி."

அண்ணன் கதவுக்கு வெளியே நின்றார். பச்சையைப் பார்க்க ஆசை, உள்ளே வரப் பயம். அத்தனை நாளும் மச்சி அவரோடு சரியாகப் பேசவே இல்லை.

"வாங்க, வந்து பாருங்க" என்றாள் மச்சி.

வந்து குனிந்து பார்த்தார். "நானா இருந்தா வுட்டிருக்க மாட்டேன் புள்ள" என்றார்.

"தெரியுமுங்க." மச்சி செடிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டாள். "போயி ஒரு சட்டி தணல் கொண்டாங்க."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "மறுபடியுமா? செடிக்கா?"

"செடிக்கு எதுக்குங்க? எனக்குங்க. எனக்குக் குளுருது."

அந்த மனுஷன் அந்த வயசில் படியில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தணல் சட்டியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்து, தோளில் சாக்கைப் போர்த்திவிட்டு, அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கீழே அடுப்பில் முதல் தட்டு வர்க்கி முழுக்கத் தீய்ந்து கரியானது. வாசனை மாடி வரைக்கும் வந்தது. நான் வாயே திறக்கவில்லை.